அந்தத் தேநீரில் விஷம் இல்லை

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கவிதா ஒரு வீடியோ போட்டாள். கவிதா இப்போது அங்கே பிசியோதெரபிஸ்ட். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் சினிமா நட்சத்திரங்களை நினைவுகூரும் வீடியோ அது. பின்னால் சோகமாகப் பியானோ வாசிக்க, கறுப்பு வெள்ளை முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஆங்கிலத்தில் பெயர். "நம்ம ஸ்டோர் ரூம்ல பழைய பிலிம் டப்பா கெடச்சுது. வெள்ளக்காரங்க படம், இவங்க நடிச்சதா இருக்குமோ? சீனியர்ஸ் யாருக்காச்சும் இவங்களத் தெரியுமா?" என்று கேட்டிருந்தாள்.

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உடனே பதில் தட்டினேன். மூன்றாவதாக வருபவர் புருவத்துரை. ஐந்தாவது டீயம்மா. எட்டாவது தூங்குமூஞ்சி வக்கீல். கடைசியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் பல்லுக்கடியார்.

அடுத்த நிமிடம் கவிதாவின் போன் வந்தது. "மேடம், கீழ வேற வேற பேரு போட்டிருக்குதே?"

"அது அவங்க ஊர்ல வெச்ச பேரு. நம்ம தருமபுரியில இதுதான் பேரு."

சிரித்துவிட்டு, இதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அந்த நடிகர்களின் நிஜப் பெயர்களை இந்த வயதில்தான் முதன்முதலாகப் படித்தேன். படித்தும் மனதில் ஒட்டவில்லை. ஆகவே நாங்கள் வைத்த பெயர்களிலேயே எழுதுகிறேன். அவர்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. பெயர் மாறினாலும் நன்றி போய்ச் சேரும் என்று நம்புகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நல்லம்பள்ளிப் பக்கம். பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று வருடம் வீட்டில் இருந்தபோது தொழுநோய் ஆஸ்பத்திரியில் பிசியோ டெக்னீசியன் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். வீட்டில் ஒரு வாரம் யாரும் என்னோடு பேசவில்லை. ஒன்பது மாதப் பயிற்சியில் எலும்பு, நரம்பு, தசை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, பாதியை மறந்து, வேலையில் சேர்ந்தேன். என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: நோய் நரம்பைத் தின்றதால் மடங்கிப்போன விரல்களையும் மூடாத கண்களையும் டாக்டர் அறுவை செய்து சரி பண்ணுவார், அவை மறுபடி வேலை செய்ய நான் பழக்க வேண்டும். வாயால் சொன்னால் இரண்டு வரி. செய்ய முப்பத்து நான்கு வருடம் ஆனது.

எங்கள் டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். இங்கிலாந்தில் சில வருடம் படித்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. நோயாளிகளை மட்டுமல்ல, பெருக்க வருகிறவரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். நோயாளி நின்றுகொண்டிருந்தால் அவரும் உட்கார மாட்டார். அதனாலேயே நாங்கள் ஓடி ஓடி நாற்காலி போடுவோம். கோபம் வந்தால் ஒன்றே ஒன்றுதான் செய்வார். கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைப்பார். இரண்டு கண்ணாடிச் சில்லையும் அவர் துடைத்து முடிப்பதற்குள் நமக்கு நாக்கு வறண்டுவிடும்.

கண் பரிசோதனையை அவரிடம் கற்றவர்கள் பாக்கியசாலிகள். முதலில் நோயாளியின் முன்னால் முகத்துக்கு நேராக நின்று சும்மா பேசுவார். ஊர், மழை, மாடு கன்று. பேசும்போது கண் எத்தனை தடவை இமைக்கிறது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். பிறகு "தூங்கற மாதிரி மெதுவா மூடுங்க" என்பார். இரண்டு இமைக்கும் நடுவில் விழுகிற இடைவெளியைச் சின்ன ஸ்கேலால் அளப்பார். பிறகு "இப்ப இறுக்கி மூடுங்க", மறுபடி அளவு. கடைசியில்தான் டார்ச். டார்ச்சை முதலில் எடுத்தால் மனிதரை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பார்ப்போம் என்பது அவர் கணக்கு.

இனி சினிமாவுக்கு வருகிறேன். எங்களுக்கு முன்னால் அங்கே இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் இறந்தபோது, அவருடைய குடும்பத்தார் ஊரிலிருந்து ஒரு பதினாறு எம்.எம். புரொஜெக்டரும் ஐந்து படங்களும் அனுப்பி வைத்தார்கள். ஒரு படத்துக்கு மூன்று நான்கு டப்பா. எங்கள் நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் வார்டில் தங்குபவர்கள். டவுன் கொட்டகைக்குப் போனால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விடுவார். அதனால் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் சமையல்கட்டின் வெள்ளைச் சுவரில் படம். ஜீப் டிரைவர் சின்னசாமி அண்ணன்தான் ஆபரேட்டர். ஐந்தே படங்கள், ஐந்தாவது வாரம் முடிந்ததும் மறுபடி முதல் படம். முதல் டப்பாக்களின் ஆரம்பம் எப்போதோ அறுந்து போயிருந்தது. அதனால் படத்தின் பெயரோ, நடித்தவர் பெயரோ யாருக்கும் தெரியாது.

பெயர் இல்லாவிட்டால் என்ன, எங்கள் ஆட்கள் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை புண்ணுக்குக் கட்டுப் போடும்போது பெயர் சூட்டும் பேச்சு நடக்கும். ஒற்றைப் புருவத்தை மட்டும் மேலே தூக்கிப் பேசும் கனவான் புருவத்துரை ஆனார். ஐந்து படத்தில் நான்கில் வந்து, எல்லாவற்றிலும் சுண்டுவிரலைத் தள்ளி வைத்துக் கோப்பையைப் பிடித்துத் தேநீர் குடித்த அம்மாள் டீயம்மா. கோர்ட்டில் பாதிக் கண் மூடியபடி வாதாடியவர் தூங்குமூஞ்சி வக்கீல். பென்னாகரம் பக்கத்துக் கன்னடக்காரப் பெரியவர் ஒருவர் மட்டும் எல்லா ஆண் நடிகர்களையும் பொதுவாக "ராஜப்பா" என்றே கூப்பிடுவார்.

இந்தப் பெயர்கள் என் வேலைக்குள் வந்தது தற்செயலாகத்தான். "நெற்றித் தசையை இயக்குங்க" என்று நான் பாடப்புத்தகம் மாதிரி சொன்னால் ஒருவரும் இயக்க மாட்டார்கள். "புருவத்துரை பண்ணுங்க" என்றேன் ஒரு நாள். எட்டுப் பேரின் புருவமும் ஒன்றாக ஏறியது. கையில் தசைநாரை மாற்றி வைத்த பெண்களுக்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடிக்கப் பழக்க வேண்டும். "டீயம்மா மாதிரி" என்று ஒரு வார்த்தை போதும். அலுமினிய டம்ளரைப் பிடித்துக்கொண்டு ராணிகள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். முகம் கெட்ட மனிதர்கள் கண்ணாடியில் தங்களைப் பார்க்க விரும்ப மாட்டார்கள். சுவரளவு பெரிதாக வந்த அந்த வெள்ளைக்கார முகங்கள்தான் எங்களுக்குக் கண்ணாடி.

இவ்வளவும் பெருமை. இனி சொல்லப்போவது என் சிறுமை.

படத்தில் பேசுவது இங்கிலீஷ். யாராவது கதை சொல்ல வேண்டும். வந்த புதிதில் சின்னசாமி அண்ணன், "சிஸ்டர், உங்களுக்கு இங்கிலீசு வருமில்ல?" என்று கேட்டார். நான் சிஸ்டர் இல்லை, டெக்னீசியன் என்று திருத்திவிட்டு, "ஏன் வராது?" என்றேன். வராது என்பதுதான் உண்மை. நான் தமிழ் மீடியம். பாடப்புத்தக ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அந்த நடிகர்கள் வாய்க்குள்ளேயே மென்று துப்பிய ஆங்கிலத்தில் "யெஸ்", "நோ", "தேங்க்யூ" தவிர ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் இருபத்திரண்டு வயது. நூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தெரியாது என்று சொல்ல மனது வரவில்லை. சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கதையை நானே கட்டினேன்.

நான்கு படங்களுக்குக் கட்டிய கதைகளால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஐந்தாவது படத்தில்தான் தப்பு. அதில் ஒரு பட்டாளத்துக்காரர் சண்டை முடிந்து ஊருக்கு வருகிறார். ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். ஒரு பெண் திறக்கிறாள். உள்ளே அவள் புருஷன். மூவரும் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். அந்தப் பட்டாளத்துக்காரர் கோப்பையை அவளிடம் நீட்டும்போது காமிரா அவர் முகத்துக்குப் பக்கத்தில் போகும். பேச்சே இல்லை. தாடை இறுகும், கன்னத்து ஓரத்தில் ஒரு முடிச்சு எழும்பி அடங்கும். அவ்வளவுதான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு மழையில் போய்விடுவார்.

நான் என்ன சொன்னேன்? "பாருங்க, பல்லக் கடிக்கிறான்! பழி வாங்க வந்திருக்கான். டீயில வெசத்தக் கலந்துட்டான்!" அவள் அதற்குப் பின் சாகவில்லையே என்று யாரும் கேட்கவில்லை, விஷம் மெதுவாக ஏறுகிற விஷம் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். ஐந்து வாரத்துக்கு ஒரு முறை அந்த இடம் வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து "குடிக்காத தாயி!" என்று சத்தம் எழும். அந்த நடிகருக்குப் பல்லுக்கடியார் என்று பெயர் வைத்ததே நான்தான். இரண்டு வருடம் இந்தக் கூத்து நடந்தது. சனிக்கிழமை மாலைகளில் டாக்டரம்மா திங்கட்கிழமை அறுவைக்கான கேஸ்களைப் பார்ப்பார். ஆகவே அவர் காதுக்கு எட்டவில்லை.

அப்போதுதான் மாதம்மாள் வந்தார். சித்தேரி மலைக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்தமாகக் கொஞ்சம் சாமை விளைச்சல். மற்ற நாளில் காட்டில் கடுக்காய் பொறுக்குவார். வலது கண் ஏற்கெனவே புண்ணாகி வெளுத்துப் பார்வை போய்விட்டது. மீதி இருந்தது இடது கண். அந்த இமையும் மூடவில்லை. இமை மூடாத கண்ணில் தூசி விழும், காயும், புண்ணாகும். இந்த நோயில் விழிக்கு உணர்ச்சியும் போய்விடுவதால் உறுத்துவதுகூடத் தெரியாது. டாக்டரம்மா ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது மெதுவாக மூடினால் ஆறு மில்லிமீட்டர் திறந்து கிடந்தது. இந்தக் கண்ணும் போனால் மாதம்மாளுக்கு உலகமே இருட்டு.

அவரைக் கொண்டுவந்து விட்ட புருஷன் கேட் வரைக்கும் வந்தார், மூட்டையைக் கீழே வைத்தார், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மறுபடி வரவே இல்லை. "கண்ணு மட்டும் நிக்கட்டுமுங்க. மலையில தனியா நான் பொழச்சுக்குவன். கண்ணில்லாட்டி அங்க ஒரு எட்டு வெக்க முடியாது" என்றார் மாதம்மாள். அழவில்லை.

இதற்குச் செய்யும் அறுவை சிகிச்சை அழகானது. நெற்றிப் பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒரு தசை புடைக்கும். மெல்லுகிற தசை அது. நோய் அதை ஒன்றும் செய்யாது. அதிலிருந்து ஒரு பட்டையைப் பிரித்து, இரண்டு நார்களாக்கி, மேல் இமைக்குள் ஒன்றும் கீழ் இமைக்குள் ஒன்றுமாகக் கோத்து, மூக்கோரத்தில் கட்டிவிடுவார் டாக்டரம்மா. அதன்பின் பல்லைக் கடித்தால் கண் மூடும். மூன்று வாரம் கஞ்சியும் பாலும்தான். கட்டு அவிழ்த்த பிறகு என் முறை. மென்றால் இமை லேசாகத் துடிக்கும், முழுதாக மூடாது. இறுகக் கடித்துப் பிடித்தால்தான் மூடும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை கடித்துப் பழக வேண்டும். பழகாவிட்டால் உள்ளே போட்ட நார் சுற்றியிருக்கும் சதையோடு ஒட்டிப்போகும்; செய்த அறுவை அத்தனையும் வீண்.

மாதம்மாள் கடிக்கவில்லை.

"கடிங்க மாதம்மா" என்றால் தலையைக் குனிந்துகொள்வார். பொரிகடலை கொடுத்தால் மெல்லுவார், இமை துடிக்கும். "அப்படியே இறுக்கிப் பிடிங்க" என்றால் வாயைத் திறந்துவிடுவார். எதிரே நான் உட்கார்ந்தால் இன்னும் மோசம். கெஞ்சினேன், அதட்டினேன், பக்கத்துக் கட்டில்காரர்களை விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒரு வாரம் போனது. என் கையில் ஒரு கேஸும் இப்படித் தோற்றதில்லை என்ற திமிர் வேறு எனக்கு. டாக்டரம்மா அளந்தார். ஐந்து மில்லிமீட்டர்.

"இன்னும் பத்து நாள் பாப்போம். அதுக்கு மேல ஆனா நார் ஒட்டிக்கும். அப்பறம் இமை ஓரத்தைப் பாதி தைச்சுத்தான் விடணும்" என்றார். பாதி தைத்தால் கண் பிழைக்கும். ஆனால் பார்வை ஒரு சன்னல் சந்து அளவுக்குக் குறுகிவிடும். அதை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் சுமையோடு இறங்க முடியாது.

"ஏன் கடிக்க மாட்டேங்கறாங்கன்னு கேட்டீங்களா ருக்மணி?"

"கேட்டேன் டாக்டர்."

"என்னன்னு கேட்டீங்க?"

"ஏன் கடிக்க மாட்டேங்கறீங்கன்னு."

"எந்தக் குரல்ல கேட்டீங்க?" என்றார். அவரே பதிலும் சொன்னார்: "அது கேக்கறது இல்ல. திட்டறது. நான் சனிக்கிழமை அவங்க பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன். பேசிப் பாக்கறேன்."

அந்தச் சனிக்கிழமை எந்தப் படத்தின் முறை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரம்மா பெண்கள் பக்கம் தரையில் மாதம்மாளோடு உட்கார்ந்துவிட்டார். இங்கிலாந்தில் படித்தவர் எதிரே நின்று இங்கிலீஷ் படத்துக்குக் கதை சொல்ல வேண்டும். என் குரல் பாதியாக இறங்கிவிட்டது. தேநீர்க் காட்சி வந்ததும் நான் வாயே திறக்கவில்லை. ஆனால் திறக்கத் தேவையில்லை, எல்லாருக்கும் மனப்பாடம்.

"குடிக்காத தாயி! குடிக்காத!"

டாக்டரம்மா திகைத்துப் போய் மாதம்மாளிடம், "ஏன் குடிக்கக் கூடாது?" என்று கேட்டார்.

"அவன் வெசம் வெச்சிருக்கானுங்கம்மா. போன தடவயே பாத்தனுங்க. பல்லக் கடிக்கிறான் பாருங்க. எதுத்தாப்பல இருக்கற மனுசரப் பாத்துப் பல்லக் கடிச்சா அவங்க வூடு வெளங்குமாங்க? எங்க மாமியாக்காரி அதத்தான் சொல்லுவா. நான் தூக்கத்துல பல்லக் கடிச்சன்னுதான் வூட்டுக்கு இந்த நோவே வந்துச்சுன்னு." கொஞ்சம் நிறுத்தி, "சிஸ்டரு என்னையக் கடிக்கச் சொல்றாங்க. அந்த அம்மா எனக்குச் சோறு போட்டு ஊட்டுறாங்க, காலக் கழுவுறாங்க. அவங்கள எதுத்தாப்பல வெச்சுக்கிட்டு நான் எப்பிடிங்க கடிப்பன்?" என்றார்.

எனக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் அதைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த இடத்திலேயே தரை பிளந்து நான் உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. என்னைக் காப்பாற்றத்தான் அந்த மனுஷி தன் கண்ணை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாமியார் மனதில் விதைத்ததற்கு என் இரண்டு வருடப் பொய் தண்ணீர் ஊற்றியிருந்தது.

மறுநாள் காலை அறைக்குக் கூப்பிட்டார். "அந்தப் படத்துல விஷம் எங்க இருக்கு ருக்மணி?"

எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஆங்கிலம் புரியாது என்பதில் ஆரம்பித்து. அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் தடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணும் அவரும் கல்யாணம் பண்ணிக்கறதா இருந்தவங்க" என்றார், நான் முடித்ததும். "அவர் சண்டையில செத்துட்டார்னு தகவல் வந்துடுது. அவ வேற ஒருத்தரைக் கட்டிக்கறா. இவர் உயிரோட திரும்பி வர்றார். அவ நல்லா இருக்கறதைப் பாக்கறார். ஒண்ணும் சொல்லாம டீ குடிச்சுட்டுப் போயிடறார். அந்த ஊர்ப் பழைய படங்கள்ல அழுகை வந்தா அழ மாட்டாங்க. தாடையை இறுக்கிக்குவாங்க. அதைப் பாத்து ஜனங்க அழுவாங்க." தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். "அவர் கோபத்துல கடிக்கலை. அவ முன்னாடி அழுதுடக் கூடாதுன்னு கடிக்கறார்."

"நான் மாதம்மாகிட்டப் போய்ச் சொல்லிடறேன் டாக்டர்."

"எல்லார்கிட்டயும் சொல்லணும். படத்தைப் போட்டுச் சொல்லணும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க ருக்மணி. அவங்க எவ்வளவோ தாங்கினவங்க. நமக்குத் தெரியாதுங்கறதையும் தாங்கிக்குவாங்க."

திட்டு அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருடத்தில் நான் வாங்கிய பெரிய திட்டும், பெரிய பரிசும் அதுதான். இன்றைக்கும் நினைத்தால் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை மாலை கடைசி டப்பாவை மட்டும் போட்டோம். தாடை இறுகும் இடத்தில் படத்தை அப்படியே நிறுத்த முடியுமா என்று கேட்டேன். "நிறுத்துனா லைட்டு சூட்டுல பிலிமு பொத்துக்கும் சிஸ்டர். வேணும்னா திருப்பித் திருப்பிப் போடறன்" என்றார் சின்னசாமி அண்ணன். சுவருக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்னேன்: "இத்தனை நாளா நான் சொன்ன கதை பொய். எனக்கு இங்கிலீசு தெரியாது. அந்த டீயில விசம் இல்ல." பிறகு டாக்டரம்மா சொன்ன கதையைச் சொன்னேன்.

ஆண்கள் பக்கம் ஒரே கூச்சல். "என்னாங்க சிஸ்டர், ரெண்டு வருசமா அந்த மனுசனத் திட்டித் தீத்துட்டமே!" என்றார் ஒருவர். கன்னடக்காரப் பெரியவர் எழுந்து, விரல் போன இரண்டு கைகளையும் சேர்த்துச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். "தப்பாய்த்து ராஜப்பா, தப்பாய்த்து" என்று மன்னிப்புக் கேட்டார். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

காட்சி ஓடியது. கோப்பை நீண்டது. தாடை இறுகியது. இந்த முறை ஒருவரும் கத்தவில்லை.

"இன்னொருக்காப் போடச் சொல்லுங்க" என்றார் மாதம்மாள்.

சின்னசாமி அண்ணன் கையால் சுற்றித் திருப்பினார். மறுபடி கோப்பை, மறுபடி தாடை. மாதம்மாள் சுவரை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை ஓடி முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"அழுவாம இருக்கறதுக்குத்தான் கடிக்கறாரா? இது எனக்குத் தெரியுமுங்க. எங்க வூட்டுக்காரன் மூட்டைய வெச்சுட்டுப் போனப்ப, கேட்டுப் பக்கத்துல நான் இப்பிடித்தான் நின்னன்."

சொல்லிவிட்டு நின்று காட்டினார். தலையை நிமிர்த்தி, கைகளைத் தொங்கவிட்டு, என் முகத்துக்கு நேராக. தாடை இறுகியது. நெற்றிப் பொட்டில் அந்தத் தசை புடைத்தது. இடது இமை கீழே இறங்கி, இறங்கி, கீழ் இமையைத் தொட்டது. மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் பிதுங்கி வழிந்தது. வெகுநாளாக உள்ளே கிடந்த கண்ணீராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் அழுதார். நன்றாக, சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன். நாங்கள் இருவரும் அழுது முடிக்கட்டும் என்று டாக்டரம்மா காத்திருந்துவிட்டு, "சரி, இன்னொரு தடவை மூடுங்க" என்று ஸ்கேலை எடுத்தார்.

மெதுவாக மூடினால் ஒரு மில்லிமீட்டர். இறுக்கி மூடினால் ஒன்றுமில்லை. டாக்டரம்மா ஸ்கேலைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

மாதம்மாளுக்கு அதற்கப்புறம் நான் சொல்லித்தர எதுவும் இல்லை. காலையில் எழுந்ததும் ஆரம்பித்து, வெங்காயம் உரிக்கும்போதும், துணி அலசும்போதும், கடித்து மூடி, விட்டுத் திறந்து, தானாகவே பழகினார். புதிதாக அதே அறுவைக்கு வந்தவர்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் தனியாகவே பஸ் ஏறி ஊருக்குப் போனார். நான் கதை சொல்வது நிற்கவில்லை. ஆனால் படத்துக்கு முந்தைய நாள் டாக்டரம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்வேன். அவருக்கும் புரியாத இடம் வந்தால், "இந்த இடம் எங்களுக்குத் தெரியலைங்க" என்று கூட்டத்தில் சொல்லிவிடுவேன். உடனே ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதைகள் என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும்.

மூன்று நான்கு வருடம் கழித்துத் தொடர் பரிசோதனைக்காக ஜீப்பில் சித்தேரிக்குப் போனேன். ஜீப் போகும் தூரம் வரை போய், மீதியை நடந்தேன். மாதம்மாள் வீட்டுக்கு முன்னால் களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கடுக்காய் காய வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். நான் முறைப்படி எல்லாவற்றையும் கேட்டேன். படுக்கும்போது கண்ணுக்குத் துணி கட்டுகிறீர்களா? கட்டறனுங்க. சிவப்பு உண்டா? இல்லீங்க. அளந்தேன். ஸ்கேலுக்கு வேலை இல்லை. கண் தெளிவாக இருந்தது.

வேலை கெட்டுவிடக் கூடாதென்று அவர் மறுபடி முறத்தை எடுத்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். முறம் மேலே எழும் ஒவ்வொரு தடவையும் அவர் தாடை இறுகியது, இமை விழுந்தது, உமி பறந்து அடங்கியதும் திறந்தது. அவர் அதை நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

"சிஸ்டர், அந்தப் பட்டாளத்துக்காரரு அப்பறம் வேற பொண்ணு பாத்துக் கட்டிக்கிட்டாருங்களா?"

பழைய ருக்மணியாக இருந்திருந்தால் அங்கேயே கல்யாணம் முடித்து, இரண்டு குழந்தையும் கொடுத்திருப்பேன்.

"தெரியலை மாதம்மா. படம் அதோட முடிஞ்சிடுது."

"படம் முடிஞ்சா என்னங்க? அவரு முடியணுமா?" என்று சிரித்தார். "எனக்கு முடிஞ்சுதுன்னுதான் அவனும் நெனச்சு வுட்டுட்டுப் போனான்."

முறம் மறுபடி மேலே எழுந்தது. உமி காற்றில் பறந்து வந்து என் கண்ணில் விழுந்தது. அவர் கண்ணில் விழவில்லை.